குங்குமச்சிமிழ் என் சட்டைப்பைக்கு வந்த விதம்

என் பெயர் தேவநாதன், தகப்பனார் அய்யப்பன், வயது 51. திண்டிவனம் செஞ்சி ரோட்டில் பதினெட்டு வருடமாக ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆணி மூட்டை தூக்கித் தொழிலுக்கு வந்தவன். இதற்கு முன் என்மேல் வழக்கு எதுவும் இல்லை.

இன்று 11.06.2006 ஞாயிறு காலை, என் தங்கை பவுனுவின் மகன் மணிமாறனுக்கு நிச்சயதார்த்தம் செய்ய விழுப்புரத்தில் பெண் வீட்டுக்கு வந்தோம். பெண்ணின் தகப்பனார் விருத்தாசலம். அவருடைய மைத்துனர் சீனுவாசன், விழுப்புரத்தில் எனக்குப் போட்டியாக ஹார்டுவேர்ஸ் நடத்துகிறவர்.

ஒரு மாதத்துக்கு முன் கோட்டக்குப்பத்தில் லாட்ஜ் கட்டும் ஒருவர் என்னிடம் வந்து, எட்டு அங்குல அகலத்தில் எண்பது பலகைகள் சுவரில் நிற்க வேண்டும், தாங்குவது எதுவும் கண்ணில் படக்கூடாது, துபாயில் அப்படித்தான் இருக்கிறது என்றார். அந்தத் தாங்கியைத் தேடிச் சென்னை, புதுச்சேரி எல்லாம் அலைந்தேன். "பலக இன்னா பல்லியாய்யா, அதுவா செவுத்துல ஒட்டிக்க?" என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். சீனுவாசனும் அதே ஆர்டருக்கு அலைந்துகொண்டிருந்தார்.

காபி குடித்த பிறகு கை கழுவ உள்ளே போனேன். படுக்கையறைச் சுவரில் ஒரு பலகை இருந்தது. மேலே வெள்ளிச் சாமான்கள், அடியில் ஒன்றுமில்லை. அதன் பிறகு கதவைச் சாத்தினேன். சாத்தியது என் தவறு. அதன் பிறகு இரண்டு விளக்கு, ஒரு சந்தனக் கிண்ணம் ஆகியவற்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். குங்குமச்சிமிழ் உருண்டு உருண்டு ஓடியதால் என் சட்டைப்பையில் போட்டேன். அதன் பிறகு பலகையை ஆட்டி இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, பலகையின் பின்விளிம்பில் அவற்றுக்கு நேராகத் துளைகள் இருந்தன. கம்பியை விரலால் அளந்தேன். ஒரு மாதம் தேடியது கிடைத்ததால் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சத்தத்தில்தான் கதவைத் திறந்தார்கள். அப்போது பலகை என் அக்குளில் இருந்தது.

பவுனு, "அண்ணே, இன்னா பண்ணிக்கினு இருக்க இங்க?" என்றாள். சீனுவாசன் பக்கத்தில் நின்றதால், "காத்து வாங்கிக்கினு இருக்கேன்" என்று சொன்னேன். அவர் என் பையில் கைவிட்டுச் சிமிழை எடுத்து, "இதுக்குத்தான் பட்டு சட்ட போட்டுக்கினு வந்தியா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் எண்பது பலகையும் அவருக்குப் போய்விடும் என்பதால் பேசாமல் இருந்தேன். விருத்தாசலம் போலீசுக்குப் போன் செய்தார்.

நிலையத்துக்கு வந்த பிறகும் பேசவில்லை. பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் சம்பந்தம் இல்லை என்று விருத்தாசலம் சொன்னார். பவுனு என் எதிரே வந்து, "புள்ளைய பேஜார் பண்ணிட்டியே, உனுக்கு எந்தப் பொருளு பெருசு?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அதன் பிறகுதான் மேற்கண்டதைச் சொல்லத் தொடங்கினேன்.

கேட்ட விருத்தாசலம், "கம்பி பாக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கழட்டிக் காட்டியிருப்பேனே, சம்பந்தி" என்று தலையில் அடித்துக்கொண்டு, புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். பெஞ்சில் இருந்த சீனுவாசன், "எவ்ளோ நீளம்னு எழுதலியே சார், வாக்குமூலம்னா முழுசா இருக்கணும் இல்ல?" என்று உதவி ஆய்வாளரிடம் கேட்டார். ஒன்பது அங்குலம் என்று சொன்னேன். அவர் உடனே எழுந்து, நிச்சயத்துக்குக்கூட நிற்காமல், மோட்டார் சைக்கிளில் லேத் பட்டறைப் பக்கம் போனார். எட்டு அங்குலப் பலகையில் ஒன்பது அங்குலக் கம்பி எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை.

அவர் போய்விட்டதால் அந்த ஒன்பதை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன், அடிக்கப்பட்டது. சரியான அளவு இந்த வழக்குக்குத் தேவையில்லை என்பதால் சொல்லவில்லை. அடித்தது போக மீதி அனைத்தும் நடந்தபடியே இருக்கிறது. வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. தேவநாதன்
காலை 11.25