பார்க்காமல் போட்ட ‘சரி’

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய கதிர்காமநாதன் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, பழைய லப்டொப்பைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி காலி வீதியில் பஸ் இறங்கி வந்திருக்கும் தாய்மாரே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் நுகேகொடையிலிருந்தும் வந்து இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, பத்தாண்டுகளாக இணைய உதவி மன்றத்தில் கேள்வியால் மட்டுமே எனக்கு அறிமுகமாகி இன்றைக்குத்தான் முகத்தோடு வந்திருக்கும் பாவனையாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்னாலிருந்து ஒரு அம்மா “மைக்கைக் கிட்டப் பிடியுங்கோ” என்கிறார். பிடிக்கிறேன் அம்மா. நான் சொல்லப்போவது உங்களுக்குக் கேட்காமல் போனால் எனக்குத்தான் வசதி. அதனால்தான் கிட்டப் பிடிக்கிறேன்.

நங்கூரம்! நம் நகரத்துத் தமிழர் சிலர் லினக்ஸின் மேல் கூடிக் கட்டிய இயங்குதளம். இதற்கு முதலாளி உண்டா? இல்லை. முகாமையாளர் உண்டா? இல்லை. விளம்பரம் உண்டா, விற்பனையாளர் உண்டா, விலைதான் உண்டா? எதுவும் இல்லை. பிறகு எப்படி வளர்ந்தது? ஒரு பென் டிரைவிலிருந்து இன்னொரு பென் டிரைவுக்கு வளர்ந்தது. டியூசன் வகுப்பு வாசலில் வளர்ந்தது. எறியப்போன கணினிக்கு உயிர் வந்ததைக் கண்டவர், பக்கத்து ஃபிளாட்டின் கதவைத் தட்டிச் சொல்ல வளர்ந்தது. நேற்றுக் கேள்வி கேட்டவர் இன்று பதில் சொல்லத் தொடங்க, அந்தப் பதிலைப் பெற்றவர் நாளை இன்னொருவருக்குப் பதில் சொல்ல, அப்படி வளர்ந்தது.

கைதட்டுகிறீர்கள். நன்றி. கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள். இன்னும் சில நிமிடத்தில் அந்தக் கைகளை என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த அப்டேற் ஆனாலும் உடனே உங்கள் வீட்டுக் கணினிக்கு வந்துவிடாது. முதலில் பரிசோதனைப் பகுதியில் காத்திருக்கும். அங்கத்தவர்கள் அதை இறக்கி, தங்கள் கணினியில் போட்டு, இயக்கிப் பார்த்து, பழுதில்லையென்றால் ‘சரி’ என்று குறியிடவேண்டும். மூன்று ‘சரி’ விழுந்தால் கதவு திறக்கும். ஒருவர் தவறினாலும் மற்ற இருவர் பிடித்துவிடுவார்கள் என்று நம்பி வகுத்த விதி. அழகான விதி. இதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்றையும் நான்தான் எழுதினேன். ‘கடவுச்சொல்லும் தமிழில் வேண்டும்!’ நினைவிருக்கிறதா? துண்டுப்பிரசுரம் அடித்தேன், இதே மண்டபத்தில் இதே தொண்டையால் முழங்கினேன். கணினிக்குள் நுழையும் சொல்கூட நம் எழுத்தில் இருக்கட்டும் என்றேன். நீங்கள் எழுந்து நின்று தட்டினீர்கள். வீட்டுக்குப் போய் மாற்றியும் கொண்டீர்கள். ஐயா தலையாட்டுகிறார். அவரும் மாற்றியவர்தான்.

போன ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? ஒரு அப்டேற் வந்தது. அடுத்த முறை கணினியைத் திறந்தபோது உள்நுழையும் திரையில் தமிழ் விசைப்பலகை இல்லை. ஆங்கிலம் மட்டுமே இருந்தது. தமிழில் கடவுச்சொல் வைத்திருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் சொந்தக் கணினிக்கு வெளியே நின்றார்கள். கடையில் வாங்கிய தளத்தை நம்பியிருந்தவனுக்கு இது நடந்திருக்காது. தமிழை நம்பியவனுக்குத்தான் நடந்தது.

வத்தளையில் நுஸ்கி என்று ஒரு மாணவர். மறுநாள் காலை ஆய்வேட்டை ஒப்படைக்கவேண்டும். ஆய்வேடு உள்ளே, அவர் வெளியே.

அந்த அப்டேற்றைக் கட்டியவர் கொட்டாஞ்சேனை கிளெமென்ற் அண்ணன். துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஒன்பது ஆண்டுகளாக நம் சேர்வரைப் பார்த்துக்கொண்டவர். அன்றைக்கு அவர் என்ன செய்தார்? அரைநாள் லீவு போட்டார். முதலில் பழுதைத் திருத்தி, திருத்திய அப்டேற்றை ஏற்றினார். பூட்டுப்பட்ட கணினிகளுக்கு அது போதாது, ஒவ்வொன்றையும் கையால்தான் திறக்கவேண்டும் என்பதால், களனிப் பாலத்தைத் தாண்டி வத்தளைக்குப் பஸ் ஏறினார். நுஸ்கியின் கணினியைத் திறந்து கொடுத்தார். மற்றவர்களுக்கு அந்த வாரம் முழுவதும் தொலைபேசியில் வழி சொன்னார்.

நாம் என்ன செய்தோம்? உதவி மன்றத்தில் எழுதினோம்! ஒருவர் எழுதினார்: “ஓசியில குடுக்கிற சாமான் எண்டா இப்பிடித்தான்.” இன்னொருவர் எழுதினார்: “இவர் ஹார்பரில கொண்டெய்னர் எண்ணுறதோட நிண்டா நல்லது.” சிரிக்கிறீர்கள். அன்றைக்கும் சிரித்தீர்கள்; அந்த வரிக்குக் கீழே நாற்பத்தொரு சிரிப்பு முகம் விழுந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். நுஸ்கி மட்டும் ‘தீர்ந்தது’ என்று ஒரு சொல் போட்டார். நன்றி என்று அவர்கூடப் போடவில்லை.

ஒரு மாதம் கழிந்ததும் கிளெமென்ற் அண்ணன் சேர்வர்ச் சாவிகளை எனக்கு அனுப்பிவிட்டு விலகினார். ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் ரயில் போகிறது. போகட்டும். இதை இரைச்சலுக்குள் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

...இப்போது சொல்கிறேன். அந்த அப்டேற்றுக்கு மூன்று ‘சரி’ விழுந்திருந்தது. அதில் ஒன்று என்னுடையது. நான் அதை இறக்கவில்லை. போட்டுப் பார்க்கவில்லை. கட்டியவர் கிளெமென்ற் அண்ணன், பிறகு என்ன என்று, அலுவலகத்தில் தேநீர் குடித்தபடி தொலைபேசியில் ஒரு விரலால் ‘சரி’ போட்டேன். ஒரே ஒரு தடவை என் கணினியை ரீஸ்டார்ட் பண்ணியிருந்தால் அந்தத் திரை என் முகத்தில் அறைந்திருக்கும். பத்தாண்டுகளாக உங்கள் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி என்ன? நீங்களே சொல்லுங்கள். ஆமாம்: “ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தனீங்களோ?” ஆயிரம் பேரிடம் கேட்டவள், என்னிடம் கேட்கவில்லை.

அதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. நீங்கள் அவரைத் திட்டிய அந்த ஏழு நாளும் நான் அங்கேதான் இருந்தேன். ஒவ்வொரு வரியையும் படித்தேன். ‘கண்ணியமாக எழுதுங்கள்’ என்று நிர்வாகக் குறிப்புக்கூடப் போட்டேன். என் ‘சரி’யைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மற்ற இருவரும் எழுதவில்லை.

போன ஞாயிறு, இந்த விழாவுக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் மனைவி மாக்ரெட் அக்கா.

“ஆ, ரொஷேலா? பத்து வருசமாத் தெரியாத வழி இண்டைக்கு எப்பிடித் தெரிஞ்சது?” என்றார்.

அண்ணன் உள்ளேயிருந்து, “உள்ள வரவிடும் மாக்ரெட், அந்தப் பிள்ளை வெயில்ல வாசல்லயே உருகப்போகுது” என்று சிரித்தார்.

அழைப்பிதழை நீட்டினேன். மேடையில் பொன்னாடை இருக்கிறது என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“நான் வந்தா சனம் கைதட்டும், ரொஷேல். கைதட்டினா நான் திரும்பி வந்திடுவன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அது வேண்டாம்.”

அப்போதுதான் துணிந்தேன். “அண்ணா, அந்த அப்டேற்றுக்கு நான்... பாக்காமத்தான் ‘சரி’ போட்டனான்.”

“ஓம், தெரியும்.”

“தெரியுமோ?”

“பரிசோதனைப் பகுதியில இருந்து ஆர் இறக்கினாலும் சேர்வரில பேர் விழும். மூண்டு ‘சரி’ இருந்தது. ஒருத்தரும் இறக்கேல்ல. அண்டைக்கே பாத்தனான்.”

“பிறகு ஏன் அண்ணா சொல்லேல்ல? அவ்வளவு பேச்சும் வாங்கிக்கொண்டு...”

“நீங்கள் மூண்டு பேரும் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றார். “ஒரு மாசம் பாத்தன்.”

அவையோரே! அவர் உங்கள் வசவுக்காக விலகவில்லை. எங்கள் மௌனத்துக்காக விலகினார்.

ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன் ஐயா. இதோ, மாலை சூட்டி, சந்தனப் பொட்டு வைத்த இந்த லப்டொப். ஐயா பொத்தானை அழுத்த, நங்கூரத்தின் புதிய பதிப்பு இப்போது வெளியாகவேண்டும். இந்த மாத முடிவோடு பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். ஆகவே இது தாமதிக்கக்கூடாத காரியம், அறிவேன். ஆனால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. ஏனென்றால் மூன்று ‘சரி’ இல்லை. இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது என்னுடையது. நான் போடவில்லை.

அந்த இரண்டும் எப்போது விழுந்தன தெரியுமா? பதிப்பை ஏற்றிப் பதினொரு நிமிடத்துக்குள்! நிறுவி முடிக்கவே நாற்பது நிமிடம் எடுக்கும் பதிப்புக்கு, பதினொரு நிமிடத்தில் இரண்டு ‘சரி’! சாவி இப்போது என்னிடம். கிளெமென்ற் அண்ணன் பார்த்த இடத்தில் நானும் பார்த்தேன். இருவருமே இறக்கவில்லை. அந்த இருவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். அவர் சொல்லவில்லை; நானும் சொல்லமாட்டேன். ஒரு மாதம் காத்திருக்க மட்டும் என்னால் முடியாது. இன்றைக்கே காத்திருக்கிறேன்.

புதிய பதிப்பை இறக்கிய பென் டிரைவ் என் கைப்பையில் இருக்கிறது. மேடையிலிருந்து இறங்கி, அந்த மூலையில் இருக்கும் மேசையில் என் லப்டொப்பைத் திறந்து நிறுவப்போகிறேன். நாற்பது நிமிடம். பிறகு ரீஸ்டார்ட் பண்ணுவேன். உள்நுழையும் திரையில் என் கடவுச்சொல்லைத் தமிழில் அடிப்பேன். திறந்தால் ‘சரி’. திறக்காவிட்டால் இன்று வெளியீடு இல்லை, மாலையைக் கழற்றிவிடலாம்.

மேசையில் இன்னும் இரண்டு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். யாருக்கென்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வெளியே ரோல்ஸும் தேநீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுப் போகலாம், நின்று பார்க்கவும் செய்யலாம்.

அழைத்த விழாக்குழுவுக்கும், பொறுத்த தலைவருக்கும், தட்டிய கைகளுக்கும், தட்டாமல் நிறுத்திக்கொண்ட கைகளுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். கைதட்டவேண்டாம். நான் இன்னும் பார்க்கவில்லை.