ஜெனி ஓட்டப்போற ஜீப்

கஸ்பார்: ...அதான் சொல்றேங்க்கா, பேசாம வித்துட்டுப் போ. இந்த ஜீப்பு உனுக்கு இன்னாத்துக்கு?

தங்கபுஷ்பம்: வித்துட்டு? வள்ளூர் கேன்டீனுக்கு அரிசிய நான் தலையில சுமக்கவா? நாளையிலருந்து ஜெனி ஓட்டுவா.

கஸ்பார்: ஜெனியா... உன் புள்ள ஜெஸ்வின் போய்ச் சேர்ந்த வண்டில உன் பொண்ணயும் ஏத்தப் போறியா?

தங்கபுஷ்பம்: வேற யாரு கடையப் பாப்பா? அவ அப்பா மால போட்ட படத்துலருந்து இறங்கி வருவாரா? பேச்ச விடு. நீ மெக்கானிக்கு, பிரேக் பேட எடுத்துக் காட்டு.

கஸ்பார்: இந்தா... இது ஒண்ணு. மஞ்ச டப்பா. டூப்ளிகேட்டுதான், ஆனா டோல்கேட் ஏரியா பூரா இதான் ஓடுது...

தங்கபுஷ்பம்: அத எதுக்கு எனக்குக் காட்டுதே? அரிசிக் கடைக்காரிக்கே கல்லு கலந்து விப்பியோ?

கஸ்பார்: இருக்கறத காட்டணும்ல. சரி, இது பாரு. கம்பெனி சரக்கு. வண்டி கனம், மூட்ட கனம் வேற... இதான் சூடு தாங்கும்.

தங்கபுஷ்பம்: கொண்டா... ம். ஜெனி மிதிச்சா நிக்குமா?

கஸ்பார்: நிக்கும்.

தங்கபுஷ்பம்: எண்ணூர் ரோட்டுச் சகதியில? முன்னால போற டிரெய்லர் சட்டுன்னு நின்னா?

கஸ்பார்: நிக்கும்க்கா.

தங்கபுஷ்பம்: அவன் மிதிச்சப்ப நிக்கலியே.

கஸ்பார்: ஜாக்கி எங்க... இரு, வண்டியத் தூக்கறேன்.

தங்கபுஷ்பம்: கழட்டு. நான் இந்த ஸ்டூல்ல உக்காருதேன்.

கஸ்பார்: எடமே கலீஜா கீதுக்கா, பொடவைல கிரீஸ் ஒட்டிக்கும். நீ கடைக்குப் போ, சாய்ந்தரம் நானே கொண்டாந்து...

தங்கபுஷ்பம்: பிள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்தவளுக்குச் சேலையா கவல? கழட்டுன்னேன்.

கஸ்பார்: சரி... சரி.

தங்கபுஷ்பம்: அன்னிக்கு அடக்கத்துக்கு வந்தே. கல்லற கேட்டுக்கு வெளியவே நின்னியே, ஏன்?

கஸ்பார்: உள்ள ஒரே கூட்டமா கீதேன்னு...

தங்கபுஷ்பம்: ம்.

கஸ்பார்: இந்தா வந்துச்சு, பழைய பேடு. அப்டி ஓரமா கடாசு.

தங்கபுஷ்பம்: எங்க... இதுல பேடு எங்க இருக்கு? வெறும் இரும்புல்லா இருக்கு.

கஸ்பார்: தேஞ்சி பூட்சு. மண்ணு, கரித் தூசு... இந்தப் பக்கம் ஓட்டுற எல்லா வண்டிக்கும் அப்டித்தான்.

தங்கபுஷ்பம்: ஓரத்துல சின்னதா ஒரு தகரம். இது என்ன?

கஸ்பார்: அது... இன்னாமோ ஒரு கிளிப்பு.

தங்கபுஷ்பம்: புதுசுலயும் இருக்கு. ஆனா புதுசுல நேரா நிக்கு, இதுல மடங்கிக் கிடக்கு.

கஸ்பார்: கல்லு கில்லு பட்டிருக்கும்.

தங்கபுஷ்பம்: கல்லுக்குப் பல்லு உண்டுமா? குறடு கடிச்ச தடம் வரிவரியா இருக்கே.

கஸ்பார்: யக்கா...

தங்கபுஷ்பம்: வேலையப் பாத்துக்கிட்டே சொல்லு.

கஸ்பார்: பேடு தேஞ்சா அந்தத் தகரம் சக்கரத்தோட சுத்துற டிஸ்குல ஒரசும். கீச்சுன்னு கத்தும். என்ன மாத்துடான்னு சொல்ற மாரி.

தங்கபுஷ்பம்: கத்துனா?

கஸ்பார்: மாத்தணும். ஆனா அவசரமா வர்றவங்க, சத்தம் பேஜாரா கீது, நிப்பாட்டி வுடுன்னுவாங்க. மடக்கி வுட்ருவோம்... வுட்ருவாங்க.

தங்கபுஷ்பம்: யாரு?

கஸ்பார்: ஊர்ல கீற எல்லா மெக்கானிக்கும்தான்.

தங்கபுஷ்பம்: சரி. அந்தப் பக்கச் சக்கரத்துலயும் மாட்டியாச்சா?

கஸ்பார்: மாட்டிட்டேன். இரு, இந்த போல்ட்ட இன்னொரு தபா பாத்துக்கறேன்.

தங்கபுஷ்பம்: இப்பத்தான பாத்தே.

கஸ்பார்: அது வேற போல்ட்டு.

தங்கபுஷ்பம்: அதேதான். எத்தன தடவ முறுக்குவே?

கஸ்பார்: காலைல இருந்து ஒண்ணும் துன்னல, அதான் மறந்து பூட்சு... ஏறி உக்காரு. பெடல மிதி. இன்னும் மிதி. வுடாத... கெட்டியா வந்துச்சா?

தங்கபுஷ்பம்: வந்துட்டு.

கஸ்பார்: நாளைக்கு ஜெனி எடுக்கும்போது நானும் வர்றேன். பக்கத்துல குந்திகினு வள்ளூர் வரைக்கும்.

தங்கபுஷ்பம்: வா.

கஸ்பார்: யக்கா, ஒண்ணு கேக்கறேன். விம்கோ நகர்ல அம்மாம் பெரிய சர்வீஸ் சென்டர் கீது. உங்க ஊர்க்காரங்க எல்லாம் அங்கதான் வுடறாங்க. நீ மட்டும் இன்னாத்துக்கு என்னாண்ட கொண்டாந்த?

தங்கபுஷ்பம்: ஆஸ்பத்திரியில ஜெஸ்வின் கொஞ்சம் பேசினான், கஸ்பாரு. 'கல்யாணத்துக்குப் போற அவசரத்துல நான்தாம்மா கேட்டேன், கஸ்பார் அண்ணன் குறட்ட வச்சி சத்தத்த நிப்பாட்டுனாரு, அவர ஒண்ணும் சொல்லாத'ன்னான். போலீஸ் கேட்டப்பவும் நான் வாயத் திறக்கல. மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத, அது எனக்கு வரல. ஆனா மிச்சம் இருக்கது ஜெனி ஒருத்திதான். வேற எவங்கிட்ட விட்டாலும் செல்லுல பாட்டு கேட்டுக்கிட்டே மாட்டுவான். நீ ஒருத்தன்தான் பயந்து பயந்து மாட்டுவே.