துடைக்காத வீடு

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மலர்வளையத்தோடு வந்திருக்கும் மாநகராட்சி இழப்பீட்டுப் பிரிவின் அதிகாரி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் தெருக்காரர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் அக்காவின் மகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேருந்து நடத்துநராக இருந்தவன். குரல் பெரியது, இனிப்பாகப் பேச வராது. எனக்கு முன் பேசியவர்கள், அக்கா அமைதியாகக் கண்மூடினார் என்றார்கள். இல்லை. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

தெருவே அக்கா என்று கூப்பிட்ட இந்த அம்மையார் யார்? எங்கள் தெருவின் கடைசி வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவர். குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. தெருவே சரிவு, அவர் வீடு இருப்பது பள்ளத்தில். நாம் அத்தனை பேரும் கழித்துவிடுகிற தண்ணீர் அவர் வாசலில் இருக்கிற சாக்கடை மூடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஒருமுறை நான் மறந்துபோய் ஏறிவிட்டேன். "அண்ணே, இது பஸ் இல்ல, வீடு" என்றார். பிறகு நான் மறந்ததே இல்லை.

அந்த வீட்டில்தான் முதன்முதலாகக் கழிவறை வழியாகச் சாக்கடை பொங்கியது. ஊரார் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் நாசம். அக்கா என்ன செய்தார்? நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர் சுவராகத் தேய்த்துக் கழுவினார். பிறகு இழப்பீடு கேட்டார். வெகுநாள் கழித்து ஒருவர் வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "பினாயில் வாசனைதாம்மா வருது" என்றார். சேதத்துக்கு அடையாளம் இல்லை, கோரிக்கை தள்ளுபடி. அதிகாரி பார்வையிடும் வரை இடத்தைக் கலைக்கக் கூடாதாம், அது விதியாம். சுத்தம் செய்தது குற்றமா? குற்றம்தான்! சாக்கடையைக் காவல் காக்க வேண்டும் என்று எந்தத் தாய் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்?

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு ஓய்ந்திருப்பார்கள். அக்கா அந்த விதிகளை வாங்கி வந்து வரிவரியாகப் படித்தார். வீட்டுக் கழிவுக் குழாயில் சாக்கடை திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு இல்லாவிட்டால் இழப்பீடு கிடையாது என்று அதில் இருந்தது. குழாய்க்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். குளியலறைத் தரையை உடைக்க வேண்டும் என்றதும் என் மனைவி முகம் சுளித்தாள். அக்கா அவளிடம் தேநீர் வாங்கிக் குடித்து, கதை பேசி, கடைசியில் உடைக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

எந்த வீட்டில் சாக்கடை ஏறினாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். உதவிக்கு அல்ல, துடைப்பத்தைப் பிடுங்க! "துடைக்காதே, முதல்ல படம் எடு" என்பார். துடைக்காதே அக்கா என்று தெருப் பிள்ளைகள் பெயரே வைத்துவிட்டார்கள். சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுகிற மனுஷி அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மழையில் என்ன நடந்தது? கடைசி மூடி ததும்புகிறது, அடைப்பு எடுக்கும் வண்டியை அனுப்புங்கள் என்று சங்கம் கெஞ்சியது. வண்டி வரவில்லை. மழை வந்தது. மழை பெய்து பொங்கினால் இயற்கைச் சீற்றம் என்பார்கள். பெய்யாமல் பொங்கினால் நீங்கள் சாக்கடையில் ஊற்றிய எண்ணெய்தான் அடைத்தது என்பார்கள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்! வால்வுகள் ஒழுங்காக வேலை செய்தன. கழிவறை வழியாக ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. தெரு மூடி தூக்கிக்கொண்டு வாசல் வழியாக வந்தது. ஐயா, வாசலுக்கு எந்த வால்வைப் போடுவது?

கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே கோரிக்கையாகக் கொடுத்தோம். மற்ற வீடுகளில் வடிந்துவிட்டது. அக்கா வீட்டில் மட்டும் கணுக்கால் வரைக்கும் தேங்கி நின்றது. அதுதான் எங்கள் அத்தனை பேருக்கும் சாட்சி. அதிகாரி எந்நேரமும் வரலாம், வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து படுங்கள் என்று கூப்பிட்டோம். வரவில்லை. வெடித்த பாதத்தோடு அந்தத் தண்ணீரிலேயே நடந்தார், அதன் நடுவில் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மகள் அழுதாள். "கழுவிடலாம்மா, நாத்தம் தாங்கல."

"ஊருக்கெல்லாம் துடைக்காதேன்னு சொன்னவ நான். இப்ப நான் துடைச்சுட்டா அவங்க கதி என்னடி?"

ஒருவரும் வரவில்லை. காய்ச்சல் வந்தது. அந்தத் தண்ணீரால் வந்த நோய் என்று மருத்துவர் சொன்னார். சொன்னபோது காலம் கடந்திருந்தது. அடக்கத்துக்குத் தெருவே திரண்டு போனோம். அன்றைக்குப் பார்த்து உங்கள் ஆள் வந்திருக்கிறார்! திரும்பி வந்தால் கதவில் ஒரு சீட்டு: வீடு பூட்டியிருந்ததால் பார்வையிட இயலவில்லை, கோரிக்கை முடிக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் இந்தப் பெண் வாளியைத் தூக்கினாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த பிள்ளையிடம் துடைக்காதே என்று சொன்னேன். ஐயா, எங்களை அப்படிச் சொல்ல வைத்தது எது?

இன்று காலை அடைப்பு எடுக்கும் வண்டி வந்தது. எங்கள் தெருவுக்கு அல்ல. இந்த மண்டபத்து வாசலுக்கு. அதிகாரி வருகிறாராம்.

அக்கா விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்வோம். இது அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிற வாக்கு. கோரிக்கையை மறுபடியும் எழுதிக் கொடுப்போம். முறை வைத்து அந்த வீட்டைக் காவல் காப்போம். நீங்கள் கண்ணால் பார்க்கும் வரை ஒரு கைப்பிடிச் சேற்றைக்கூட அள்ள மாட்டோம்.

அதிகாரி அவர்களே, சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. மலர்வளையத்தை இங்கே வைக்காதீர்கள், கையிலேயே எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். அந்தப் படியில் யாரும் செருப்போடு ஏற அக்கா விட்டதில்லை. இன்றைக்கு நீங்கள் கழற்ற வேண்டாம்.