“சாப்பாடு ஆறுது, வா” என்று எழுதியவருக்கு

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, விளம்பரப் பிரிவுத் தலைவர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் சக ஊழியர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, அம்மாவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் அமர்ந்திருப்பவரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘பக்கத்தில் அமர்ந்திருப்பவரே’ என்று நான் சுற்றி வளைப்பதற்குக் காரணம் உண்டு. மேடை ஏறுமுன் விளம்பரப் பிரிவுத் தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அந்த அம்மையாரைக் குறிப்பிட நேர்ந்தால் ‘தோழி’ என்று சொன்னால் போதும், யாராவது படம்பிடித்துப் போட்டால் மறுபடியும் இணையத்தில் சண்டை கிளம்பும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். அழைப்பிதழிலும் தோழி என்றே அச்சடித்திருக்கிறார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதை அவரும் இங்கே உட்கார்ந்து கேட்கத்தான் போகிறார்.

யாரை இழந்து நிற்கிறோம்? நம் வீடியோ கேம்களின் வசன ஆசிரியரை இழந்து நிற்கிறோம். நாம் கேள்விக்காரம்மா என்று கூப்பிட்டவரை இழந்து நிற்கிறோம். அந்தப் பட்டம் அவருக்கு எப்படி வந்தது தெரியுமா? என்னால்தான் வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் வரைந்த பெண் போர்வீரரைத் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். தோளுக்கு இரும்புக் கவசம், முழங்காலுக்கு இரும்புக் கவசம், வயிறு மட்டும் திறந்து கிடந்தது. எல்லோரும் பிரமாதம் என்று தலையாட்டினார்கள். இவர் கையைத் தூக்கினார்.

“ஏங்க, இவளுக்கு வயித்துல குத்துனா வலிக்காதா?”

அறையே சிரித்தது. எனக்குச் சரியான மூக்குடைப்பு. நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும் என்று பொரிந்து தள்ளினேன். மறுநாள் சத்தம் போடாமல் வயிற்றுக்கும் கவசம் வரைந்து வைத்தேன்.

நம் கேமில் வரும் அந்தப் படகுக்காரியை எழுதியவரும் அவர்தான். விளையாடுகிறவரின் உடைந்த படகைச் செப்பனிட்டுத் தரும் முரட்டுப் பெண். அவள் வீட்டுக்குள் போனால் இன்னொரு பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “சாப்பாடு ஆறுது, வா” என்பாள். “இவ என் பொண்டாட்டி” என்பாள் படகுக்காரி. சுவரில் இருவருடைய கல்யாணப் படம் தொங்கும். அதை வரைந்தது நான். அவ்வளவுதான் காட்சி. முத்தம் இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு வீடு, ஒரு வேளைச் சாப்பாடு.

இதற்கா இணையத்தில் அத்தனை கூச்சல்? கேமைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். பிள்ளைகளைக் கெடுக்க வந்தவள் என்றார்கள். அவர் முகத்தை வெட்டிப் பன்றியின் உடம்பில் ஒட்டினார்கள். அம்மாவின் வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து ஊரறியப் போட்டார்கள். விவாதப் பக்கத்தில் அவர் சளைக்காமல் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: அந்த வீட்டுக்குள் போனீர்களா, போனதும் உள்ளே இருப்பவள் என்ன சொல்கிறாள்? ஒருவராவது பதில் சொல்ல வேண்டுமே! அந்த வீட்டுக்குப் போய்ச் சேர ஆற்றையும் சதுப்பையும் தாண்டி நாள் கணக்கில் விளையாட வேண்டும். வசை எழுதியவர்கள் கேமை வாங்கவே இல்லை. சரி, வசை எழுதியவர்கள்தான் அப்படி. ஆகா ஓகோ என்று அவரைக் கொடியாக்கித் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்? அவர்களுக்கும் பதில் தெரியவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

பிறகு நம் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. இயக்குநர் ஐயா, நெளியாதீர்கள், ஊருக்கே தெரிந்ததைத்தான் சொல்கிறேன். அடுத்த அப்டேட்டில், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பொண்டாட்டியைத் தங்கை ஆக்கினார்கள். திரையில் ஓடும் எழுத்துதானே, ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நம் இடத்தில் வசனம் ஒரு பிரிவு, படம் ஒரு பிரிவு. அவசரத்தில் படப் பிரிவுக்குச் சொல்ல மறந்துபோனார்கள். “இவ என் தங்கச்சி” என்கிறாள் படகுக்காரி. அவள் தலைக்கு மேலே கல்யாணப் படம் தொங்குகிறது!

உலகமே கைகொட்டிச் சிரித்தது. யாரைப் பார்த்து? இவரைப் பார்த்து. முடிவெடுத்தது யார் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது நம் அலுவலக விதி. எல்லா அறிக்கையும் ‘எங்கள் குழு’ என்றுதான் போகும். ஆகவே வசைபாடியவர்கள், பயந்துவிட்டாள் என்று கொண்டாடினார்கள். கொடி பிடித்தவர்கள், விலைபோனவள் என்று காறித் துப்பினார்கள். அவர் விதியை மீறவில்லை. இரண்டு பக்க எச்சிலையும் துடைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். ஒருமுறை சாப்பாட்டு அறையில், டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

“வீட்ல நாங்க எப்படி இருக்கோமோ அதைப் பாத்துத்தான் எழுதுனேன். இப்ப வீட்டுக்குப் போனா அவ முகத்தைப் பாக்க முடியல.”

இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். இணையம்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய அப்பாவுக்கும் அதே நோய்தான். ஆனால் போன பிறகாவது விட்டார்களா? ஒழிந்தாள் என்று ஒரு கும்பல் எழுதுகிறது. விலைபோனவள் என்று துப்பிய அதே வாய், நேற்றிலிருந்து மெழுகுவர்த்திப் படம் போட்டு ‘எங்கள் வீராங்கனை’ என்கிறது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படித் தொடர்வதாக உத்தேசம்? அந்தக் கல்யாணப் படத்தை அடுத்த அப்டேட்டுக்குள் சுவரிலிருந்து எடுத்துவிடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. எடுக்க மாட்டேன். படப் பிரிவில் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். பேசி முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறோம். வேலையை விட்டுத் தூக்குவதென்றால் தாராளமாகத் தூக்குங்கள். அவர் எழுதிய வசனம் எழுதியபடியே திரும்பி வரும்வரை அந்தப் படம் அங்கேதான் தொங்கும். இது நாங்கள் அவருக்குத் தரும் வாக்கு.

விளம்பரப் பிரிவுத் தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன். உங்களை மேடையில் எப்படிச் சொல்லட்டும் என்று, இதோ அம்மாவின் பக்கத்தில் இருப்பவரிடமே இன்று காலை கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, அம்மா எப்படிச் சொல்கிறாரோ அப்படி என்றார். அம்மா யோசிக்கவே இல்லை.

“இதுல கேக்க என்னங்க இருக்கு? அவ என் மருமக. மைக்லயே சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன், அம்மா. மகளை இழந்த உங்களுக்கும், மனைவியை இழந்த உங்கள் மருமகளுக்கும் இந்தச் சபையின் இரங்கல். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மேடையில் இருப்பவர்களும்தான்.