துவாக்குடிக்கும் காரைக்குடிக்கும் நடுவே

— என்னது, நான் வேலையை விடப் போறேனா? யாருங்க சொன்னா?

— உங்க மாமாதாங்க. ஆத்மநாதன். "தாலி ஏறுன மறுநாளே பொண்ணு வேலையை விட்ருவா, காரைக்குடிக்கு வந்து வீட்டைப் பாத்துக்குவா"ன்னு எங்கம்மாகிட்ட சொல்லித்தானே ஜாதகத்தையே குடுத்தாரு.

— நல்லா இருக்கே கதை! எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? "ஆத்தா சுடர்விழி, மாப்பிள்ளை செம்மலுக்குத் திருச்சிக்கு மாத்தல் ஆர்டர் கையெழுத்தாயிருச்சு, நீ வேலையை விடவே வேண்டாம்"னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பட்டுச் சேலையைச் சுத்திக்கிட்டு குன்றாண்டார்கோயில் வரைக்கும் வந்து நிக்கிறேன்.

— எனக்கா? மாத்தலா? எங்களது எய்டட் ஸ்கூலுங்க. அதுல மாத்தல்ங்கிற பேச்சே கெடையாது. சேந்த பள்ளிக்கூடத்துலயே ரிட்டையர் ஆக வேண்டியதுதான்.

— அப்ப சீக்கிரமே ஹெட்மாஸ்டர் ஆகப் போறீங்கன்னு சொன்னது?

— நான் பி.டி. வாத்தியாருங்க. பொம்பளப் புள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்குறேன். ஹெட்மாஸ்டர் என்னையக் கண்டாலே "கிரவுண்டுக்குப் போய்யா"ம்பாரு. நீங்க கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்குறீங்கன்னு...

— கிரேன் ஓட்டுறேன்.

— என்னங்க?

— கிரேன். துவாக்குடியில பாய்லர் சாமான் செய்யிற கம்பெனி. ஷெட்டுக்குள்ள, கூரைக்குக் கீழ தண்டவாளத்துல ஓடும்ல, அந்தக் கிரேன். மேல கேபின்ல நான்தான் ஒக்காந்திருப்பேன். கீழ இருக்குற இரும்பைத் தூக்கிக் கொண்டு போயி, சொன்ன எடத்துல பூ மாதிரி வைக்கணும்.

— அடேங்கப்பா!

— நேராச் சொல்லுங்க. அடேங்கப்பாவா, ஐயய்யோவா? முன்னால வந்த ஒருத்தரு ஐயய்யோன்னாரு. இன்னொருத்தரு சிரிச்சாரு.

— அடேங்கப்பாதாங்க. எங்க கபடிப் புள்ளைககிட்ட சொன்னா உங்களைப் பாக்க பஸ் ஏறி வந்துருங்க.

— சந்தோஷம். ஆனா இது ஒத்து வராதுங்க. நான் கிரேனை விட்டு எறங்க மாட்டேன். அதுல ஏறுறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கீழ நின்னு கொக்கி மாட்டிக்கிட்டே இருந்தேன். "பொம்பளைக்கு மேல என்ன வேலை"ன்னு கேட்டாங்க. கேட்டவங்க தலைக்கு மேலதான் இப்ப ஓட்டிக்கிட்டிருக்கேன்.

— நானும் காரைக்குடியை விட முடியாதுங்க. அரை டிராயரு போட்டு ஆடக் கூடாதுன்னு சொன்ன வீடுகள்லயெல்லாம் ஏறி எறங்கி, கெஞ்சி, சேத்த டீமு. இந்த வருஷந்தான் மாநிலப் போட்டிக்குத் தேறியிருக்கு. இப்ப விட்டுட்டு வந்தா அந்தப் புள்ளைக மொகத்துல முழிக்க முடியாது.

— அப்ப போயிச் சொல்லிருவோமா? பிடிக்கலைன்னு.

— பிடிக்கலைன்னு எப்படிங்க சொல்றது? பொய்யில்ல அது?

— இப்ப என்ன சொன்னீங்க?

— இல்ல... வேலை ஒத்து வரலைன்னு சொல்லலாம். பிடிக்கலைன்னு சொன்னா, அப்புறம் உங்க மாமாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

— சிரிக்க வைக்காதீங்க. மண்டபத்துலேருந்து எங்கம்மா இங்கிட்டேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க.

— அர்ச்சனை இன்னும் முடியலை. கூப்பிடுற வரைக்கும் இந்தப் பாறை நெழல்ல நிக்கத்தானே போறோம். சும்மா நிக்கிறதுக்கு, ஒண்ணு யோசிச்சுப் பாப்போமா? ஒரு பேச்சுக்குத்தான். எந்த ஊர்ல வீடு பிடிச்சா நீங்களும் வேலைக்குப் போகலாம், நானும் போகலாம்?

— ஒரு பேச்சுக்குன்னா, கீரனூர். எங்க கம்பெனி வண்டி மாத்தூர் வரைக்கும் வந்து ஆள் ஏத்தும். கீரனூர்லேருந்து மாத்தூர் கூப்பிடு தூரம்.

— உங்களுக்குக் கூப்பிடு தூரம். நான் காரைக்குடி போயிச் சேரையில மொத பீரியடு முடிஞ்சிருக்கும். காலையில பிராக்டிஸ் வேற இருக்கு. திருமயம் பாப்போம். கோட்டை இருக்கு, காத்து நல்லா வரும்.

— கோட்டையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, ராணியா? மொத ஷிப்டுக்கு நான் திருமயத்துலேருந்து கெளம்பணும்னா கோழியை நான்தான் எழுப்பிவிடணும். வேற சொல்லுங்க.

— நீங்க கொஞ்சம் அங்கிட்டிருந்து வாங்க. நான் கொஞ்சம் இங்கிட்டிருந்து வாரேன்.

— சந்தையில கத்திரிக்காயா வாங்குறோம்?

— புதுக்கோட்டை.

— ம்...

— திருச்சி பஸ்ஸும் காரைக்குடி பஸ்ஸும் ஒரே பஸ் ஸ்டாண்டுலதான் நிக்குது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போற தூரத்துல வீடு. காலையில நீங்க அங்கிட்டு, நான் இங்கிட்டு. நடுவுல இருக்குல்ல?

— நடுவுலன்னா ரெண்டு பேருக்கும் கிட்டன்னு நெனைச்சுக்கிட்டீங்களா? ரெண்டு பேருக்கும் தூரம்.

— அதுதாங்க நியாயம். ஒருத்தரே அலையிறதுக்கு, ரெண்டு பேரும் பாதிப் பாதி அலைவோம்.

— உங்கம்மா?

— அம்மா காரைக்குடி வீட்டை விட்டு வராது. அப்பா கட்டுன வீடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் ஸ்கூல்லேருந்து அங்க போயிக்குவேன். தெனம் என் மொகத்தைப் பாத்துக்கும்.

— சரி. விடியறதுக்குள்ள நான் போயிருவேன். பின்னாடியே நீங்க போயிருவீங்க. சாயங்காலம் நான் வந்தா நீங்க கிரவுண்டுல இருப்பீங்க. எனக்கு ரெண்டாம் ஷிப்டு வந்துச்சுன்னா, நான் வந்து கதவைத் தட்டையில நீங்க கொறட்டை விடுவீங்க. அப்ப அந்த வீட்டுல குடியிருக்கிறது யாரு? பூட்டு! பூட்டுக்கா வாடகை குடுக்குறது? இதுக்கு எதுக்குங்க கல்யாணம்? நான் துவாக்குடி ஹாஸ்டல்லயே இருந்துட்டுப் போறேன்.

— நல்ல கேள்வி. ஒரு நிமிஷம் இருங்க, யோசிச்சுச் சொல்றேன்.

— யோசிங்க. மழுப்பாம சொன்னாச் சரி.

— ரெண்டாம் ஷிப்டு முடிஞ்சு நீங்க எறங்கையில நான் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்.

— எனக்குக் காவலுக்கு ஆளு வேண்டாம். ஸ்கூட்டியை அங்கயே போட்டுட்டுப் போவேன், எடுத்துட்டு வருவேன்.

— காவலுக்கு இல்லைங்க. பேசிக்கிட்டே வர. இன்னைக்கு யாரு தலைக்கு மேல என்னத்தைத் தூக்குனீங்கன்னு நான் கேக்கணும்ல? எங்க புள்ளைக யாரை எப்படி மடக்குச்சுகன்னு நீங்க கேக்கணும்ல? கூடி இருக்குற நேரம் கம்மின்னா, கெடைக்கிற நேரத்துல தூங்கக் கூடாதுங்க. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்.

— ஞாயித்துக்கெழமை மேட்ச் வந்தா?

— அது வரத்தான் செய்யும்.

— அப்ப நானும் வாரேன். கைதட்டத் தெரியாது, ஆனா சத்தம் போடுவேன். ஷெட்டுல கத்திக் கத்திப் பழகுன தொண்டை. சரி, சமையல்? நேராச் சொல்லுங்க.

— சோறு வடிப்பேன், ரசம் வைப்பேன். வெளியூரு மேட்சுக்குப் போனா புள்ளைகளுக்கு நான்தான் சமையல்காரன். சாம்பாரு மட்டும் ஒரு நாள் வந்த மாதிரி இன்னொரு நாள் வராது.

— எனக்கு மீன் கொழம்பு நல்லா வரும். மத்ததெல்லாம் சுமாரு. கோயில்ல நின்னுக்கிட்டு மீனைப் பத்திப் பேசுறேன் பாருங்க.

— சாமி ஒண்ணும் நெனைச்சுக்காது. கெடக்குறது கல்லுக்குள்ள, கேட்டாலும் வெளிய சொல்லாது.

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? இது வரைக்கும் வந்த எவனும் எங்க இருக்கலாம்னு எங்கிட்டக் கேக்கலை. எப்ப விடுவேன்னுதான் கேட்டாங்க. நீங்க கேட்டது எனக்கு அம்புட்டு சந்தோஷமா இருக்கு. பயமாவும் இருக்கு.

— எனக்கும் பயந்தாங்க. எங்கம்மாவை நெனைச்சு.

— ஏன், என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லலை, அதுதான் பயமே. கார்ல ஏறுனதுலேருந்து வாயைத் தொறக்கலை. வழியில காபி வாங்கிக் குடுத்தேன், தொடலை. "பொண்ணைப் பாத்துட்டு நானே சொல்லிக்கிறேன்"னு மட்டும் சொல்லுச்சு. வேலையை விடுறேன்னு சொன்ன பொண்ணு இப்ப விட மாட்டேன்னு சொன்னா, எந்திரிச்சு நேரா காருக்குப் போயிரும். அப்புறம் கடவுளே வந்தாலும் திருப்பி ஒக்கார வைக்க முடியாது.

— அடடடா, இன்னுமா பேசி முடியலை? அங்க அர்ச்சனை முடிஞ்சு சக்கரைப் பொங்கலே ஆறிப் போச்சு. வா ஆத்தா. வாங்க மாப்பிள்ளை.

— மாமா, அங்கயே நில்லுங்க. யாரு வேலையை விடுறது?

— எ... எந்த வேலை?

— ஆத்மநாதன் மாமா, என் மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— அட, அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றதுதானே, ஆத்தா. ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சொல்லலையா? நான் சொன்னது நாலோ அஞ்சோ.

— எனக்கு மாத்தல் போட்டது நீங்கதானாங்கய்யா? எங்க பள்ளிக்கூடத்து மேனேஜருக்குக்கூட அந்த அதிகாரம் கெடையாதே.

— மாப்பிள்ளை, அதைப் பொய்யின்னு ஏன் எடுத்துக்கிறீங்க? நாளைக்கு நடக்கப் போறதை நான் இன்னைக்கே சொன்னேன். கல்யாணம்னு ஆயிட்டா யாராவது ஒருத்தர் எறங்கித்தானே வரணும்? யாருன்னு எனக்குத் தெரியலை. அதான் ரெண்டு பக்கமும் சொல்லி வச்சேன்.

— நல்லா வச்சீங்க. நாங்க இப்ப மண்டபத்துக்குப் போயி உண்மையைச் சொல்லப் போறோம்.

— ஐயய்யோ! மாப்பிள்ளையோட அம்மா, அந்த அழகம்மா அக்கா முன்னாடியா? ஆத்தா, தாயி, ஒங்கால்ல வேணாலும் விழுகுறேன். தாலி ஏறுற வரைக்கும் வாயைக் கட்டிக்க. அப்புறம் நீ வேலைக்குப் போனா யாரு கையைப் புடிச்சு நிறுத்தப் போறா? ஒங்கம்மா ஏறாத கோயில் இல்ல. போன எடமெல்லாம் ஒன் வாயாலதான் போச்சு. இதுவும் போச்சுன்னா நம்ம ஊரு இலுப்பூர்ல நான் தலை காட்ட முடியாது.

— போறதா இருந்தா இன்னைக்கே போகட்டும், மாமா. பொய்யச் சொல்லிக் கழுத்துல வாங்குனா, அதை நான்தான் தெனமும் சொமக்கணும். நீங்களா சொமப்பீங்க?

— மாப்பிள்ளை, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.

— நான் எங்கம்மாகிட்ட சொல்றேன்யா. இவங்க ஏன் சிரமப்படணும்?

— இல்லைங்க. என் வேலையைப் பத்தி நான்தான் சொல்லுவேன். உங்க மாத்தலைப் பத்தி நீங்க சொல்லுங்க. வாங்க, போவோம்.

— சேந்தாப்லயா போறீங்க? அடக் கொடுமையே! முன்னப் பின்னயாவது போங்க!

— அத்தை, வணக்கம். எல்லாரும் இருக்கீங்க, ஒரே தடவையா சொல்லிர்றேன். நான் வேலையை விட்ருவேன்னு மாமா உங்ககிட்ட சொன்னது பொய். நான் பாக்குறது கம்ப்யூட்டர் வேலையும் இல்லை. கிரேன் ஓட்டுறேன். கல்யாணம் ஆனாலும் ஓட்டுவேன். அப்பா, கையைப் புடிச்சு இழுக்காதீங்க, சொல்லி முடிச்சுக்கிறேன். புள்ளை பொறந்தாலும், லீவு முடிஞ்சு திரும்பி ஏறுவேன். இதைச் சொல்லாம உங்க வீட்டுக்கு வர எனக்கு மனசு வரலை, அத்தை.

— அம்மா, நானும் சொல்லிர்றேன். எனக்கு மாத்தலும் இல்ல, மண்ணும் இல்ல. நான் காரைக்குடிக்குத்தான் போவேன், இவங்க துவாக்குடிக்குத்தான் போவாங்க. வீடு புதுக்கோட்டையில, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல. எனக்கு இவங்களைப் பிடிச்சிருக்கு. இவங்களுக்கு...

— பிடிச்சிருக்கு.

— அழகம்மாக்கா, கோவிச்சுக்காதீங்கக்கா. சின்னஞ்சிறுசுக, வெயில்ல நின்னதுல என்னமோ பேசுதுக. நான் பேசிச் சரிக்கட்டிர்றேன், நீங்க ஒக்காருங்க...

— நீ சும்மா இரு, தம்பி. தாயி, இப்படி வா. கிரேனா?

— ஆமா, அத்தை.

— எம்புட்டு ஒசரம்?

— ஒரு தென்னமரம் ஒசரம் இருக்கும்.

— பயமா இல்லையா?

— மேல இருக்கையில இல்லை, அத்தை. இப்பதான் இருக்கு.

— வேலையை விட்டுட்டு வர்ற பொண்ணு எங்களுக்கு வேண்டாம்னு மொகத்துக்கு நேராச் சொல்லிட்டுப் போகத்தான், தாயி, வாங்குன பூவைக்கூட காருக்குள்ளயே வச்சுட்டு வந்தேன். கல்யாணத்துக்காக நர்சு வேலையை விட்டவ நான் ஒருத்தி போதும் அந்த வீட்டுக்கு. ஏப்பா செம்மலு, என்ன முழிக்கிற, ஓடு, ஓடிப் போயி அந்தப் பூவை எடுத்துட்டு வா!