ஜலதோஷப் பாட்டு

— திரும்பி உக்காருலே. முதுகுல இன்னும் எண்ணெய் பிடிக்கல.

— போதும் அண்ணாச்சி. ஐந்தருவிக்குக் கூட்டிட்டு வந்ததே பெரிசு. ஏட்டையா கையால எண்ணெய் தேச்சுக்கிடுத யோகம் தென்காசியில எவனுக்கு இருக்கு?

— லாக்கப்புல கெடக்கவனுக்கு இருக்கு. கழுத்தக் காட்டு. என்ன சொல்லிட்டிருந்தேன்?

— உங்க நாயன கிராமபோன் பிளேட்டப் பத்தி.

— ஆங். ஊர்ல ஒரு பய சீந்தாத பிளேட்டு. ஆனா அதுக்கு மேல ஒண்ணு கெடையாது. மூணு நிமிசம் வெறும் ராகம். பாட்டு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பிளேட்டு தீந்துபோவும், வாசிப்பு தீராது.

— அந்தப் பிளேட்டுல தவுல்காரரு எங்கன இருக்காரு அண்ணாச்சி? கிணத்துக்குள்ளயா?

— ஏலே!

— ஆ... மெள்ள அண்ணாச்சி. அது கழுத்து.

— தெரிஞ்சுதான் பிடிச்சிருக்கேன். உன் கூட்டாளி மஜீது வச்சிருக்கானே ஒரு நாடக செட்டு, அது கூட எவ்வளவோ தேவல.

— ஆறு பிளேட்டுல நாலாவது இல்லாத செட்டா? அஞ்சாவதுல ராஜா செத்துக் கெடக்கான். எவன் கொன்னான்னே தெரியாது.

— அதக் கண்டுபிடிக்கத்தாம்லே நான் போலீசுலயே சேந்தேன். உன் ஓடக்காரி பாட்டுல என்ன இருக்கு? படம் மூணே நாள்ல பொட்டிக்குள்ள போச்சு. பாடுனவ பேரு அவ வீட்டுக்காரனுக்கே தெரியாது. மூக்கடைச்சுக்கிட்டுப் பாடுதா. அது பாட்டு இல்லலே, ஜலதோஷம்.

— அண்ணாச்சி, என்ன வேணா சொல்லுங்க, அத மட்டும் சொல்லாதிய. அது மூக்கடைப்பு இல்ல. அழுது முடிச்ச தொண்டை. மொதப் பக்கத்துல சிரிச்சிட்டே பாடுதா, அத விடுங்க. ரெண்டாம் பக்கம் கேக்கணும். அதே மெட்டு, ஒரே ஒரு புல்லாங்குழல். ரெண்டாவது அடியில மூச்சு வாங்குதா பாருங்க, அந்த மூச்சுக்கே...

— உன்னத் தவிர இந்தத் தாலுகாவுல அத எவனாவது கேட்டிருக்கானா?

— ஒருத்தனும் கெடையாது. அதான் கொடுமை. ரிப்பேருக்கு வார கிராமபோன் அத்தனையிலயும் அதத்தான் போட்டுக் காட்டுதேன். கேட்டுட்டு, 'மிசின் இன்னும் சரியாவலையா'ங்கான்.

— அப்போ நீ ஒருத்தன்தான்.

— நான் ஒருத்தன்தான்.

— நல்லது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்க இருந்த?

— பண்பொழியில. கோயிலுக்கு மைக்கு செட்டு கட்டப் போயிருந்தேன். ஏன்?

— அன்னைக்கு சிலோன் ரேடியோவுல, நேயர் விருப்பத்துல, உன் ஓடக்காரி வந்தா.

— என்னது?

— வந்தாங்கேன்.

— மெய்யாவா அண்ணாச்சி? போட்டுட்டானா! எந்தப் பக்கம்? மொதப் பக்கமா, ரெண்டாம் பக்கமா?

— ரெண்டாம் பக்கம்.

— ஐயோ! முழுசாப் போட்டானா, பாதியில நிப்பாட்டிட்டானா? அந்த மூச்சு வாங்குத எடம்...

— உக்காருலே, பாறை வழுக்கும். பாட்டுக்கு முந்தி பேரு வாசிச்சான். தென்காசி குற்றாலிங்கம்னான்.

— நானா? நான் இல்ல அண்ணாச்சி. எங்க தெருவுலயே நாலு குத்தாலிங்கம் இருக்கோம்.

— நாலு பேர்ல அந்த ஜலதோஷத்தக் கேக்குதவன் எவன்? இப்பதான சொன்ன, ஒருத்தன்தான்னு.

— சொன்னேன்...

— கூடவே இன்னொரு பேரும் வாசிச்சான்.

— அந்தப் பாட்டுக்கு இன்னொரு ஆளு இருக்கா? எந்த ஊரு?

— தென்காசிதான். வள்ளித்தாய்.

— எந்த வள்ளித்தாய்?

— என் தங்கச்சிலே.

— அருவி இரைச்சல்ல... சரியாக் கேக்கல அண்ணாச்சி.

— கழுத்த இறுக்கினா கேக்குமா?

— கேக்குது, கேக்குது! குத்தாலநாதர் மேல சத்தியமா நான் எழுதல. சிலோனுக்குக் கார்டு போட்டிருக்கேன், இல்லங்கல. பன்னெண்டு கார்டு. பாட்டு வரணுமேன்னு வாயில வந்த பேரெல்லாம் எழுதுனேன். பண்பொழி சுடலைமாடன், வடகரை பேராச்சி... ஒருக்கா உங்க பேரு கூட...

— என் பேரா?

— ஒரே ஒரு கார்டுல. ஏட்டு முத்துராமலிங்கம்னு போட்டா பயந்து போடுவானோன்னு...

— சிலோன்காரன் எனக்கு ஏம்லே பயப்படுதான், கிறுக்குப் பயலே?

— பயப்படலயே! ஆனா வள்ளித்தாய் பேர நான் எழுதுவனா அண்ணாச்சி? பொம்பளப்பிள்ள பேர ரேடியோவுல இழுக்கப்பிடாதுன்னு எனக்குத் தெரியாதா?

— பேராச்சி என்ன ஆம்பளயா?

— அது நானாக் கட்டுன பேரு.

— அப்போ நீ எழுதல.

— எழுதல.

— அவ பேரு உன் நெனப்புலயே இல்ல.

— அது... கார்டுல இல்ல.

— சரி, எந்திரி. குளிப்போம். வீட்டுக்குப் போயி அவகிட்டச் சொல்லிருதேன்.

— என்ன சொல்லப் போறிய?

— குத்தாலிங்கம் எழுதலட்டி, எவனோ வெளாடியிருக்கான்னு. மூணு நாளா ஆட்டுரல்ல மாவ விட்டுட்டு சிரிச்சிட்டு நிக்கா. நாளைக்கு கடையத்துலேருந்து பொண்ணு பாக்க வாராவ. முந்தி வந்த ரெண்டு எடத்தையும் வேண்டாம்னுட்டா. நீ எழுதலன்னு தெரிஞ்சா, இதுக்காவது சரின்னுருவா.

— பொறுங்க அண்ணாச்சி.

— என்ன?

— சிரிச்சாளா?

— சிரிச்சா.

— அவளுக்கு அந்தப் பாட்டு எப்படித் தெரியும்?

— உன் கடைப் பின்சுவரும் எங்க புறவாசலும் ஒண்ணுதானலே. நாலு மணிக்கு நீ பிளேட்டு வைக்க நேரம் பாத்து அம்மியில வந்து உக்காருதா. அரைக்கதுக்கு ஒண்ணும் இருக்காது. வெறும் அம்மியத் தேச்சிட்டு இருக்கா. மூச்சு வாங்குதான்னியே, அந்த எடத்துல இவளும் மூச்சு வாங்குதா. நான் பயந்துபோயி ஆஸ்பத்திரிக்குப் போவலாமாட்டின்னு கேட்டேன்.

— ரெண்டாவது அடியிலயா?

— எத்தனாவது அடின்னு எனக்கு என்னலே தெரியும்?

— அண்ணாச்சி...

— சொல்லு.

— நான்தான் எழுதுனேன்.

— எத?

— அந்தக் கார்ட.

— இப்பதான குத்தாலநாதர் மேல சத்தியம் பண்ணுன?

— அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன். ரெண்டு பேரு பேரையும் சேத்து எழுதுனது நான்தான். அடிக்கதுன்னா அடிங்க. நாளைக்குக் காலையில எங்க அம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்புதேன், கடையத்துக்காரவ வாரதுக்கு முந்தி.

— என்னைக்கு எழுதுன?

— செவ்வாய்க்கிழமை.

— என்ன மை?

— பச்சை... இல்ல, நீலம்.

— எந்தப் பொட்டியில போட்ட?

— ரயிலடிப் பொட்டியில. மஜீதக் கேளுங்க, அவனும் கூட வந்தான்.

— அடுத்தவனுக்கு எதிராப் பொய் சொல்லுத பயல தினமும் பாக்கேன். தனக்கு எதிராவே சாட்சியும் கூட்டிட்டு வாரவன இன்னைக்குத்தாம்லே பாக்கேன்.

— பொய் இல்ல அண்ணாச்சி. நான் எழுதலன்னா வேற எவன் எழுதியிருப்பான்?

— எவனும் எழுதலலே. கடையத்துலேருந்தும் ஒருத்தரும் வரல. அந்த ஜலதோஷத்த எந்த ரேடியோக்காரன் போடுவான்? பொண்ணு வீட்டுக்காரன் நானாப் போயி, என் தங்கச்சியக் கட்டிக்கிடுதியான்னு எப்படிட்டி கேக்கதுன்னேன். 'ஒண்ணும் கேக்காண்டாம், பாட்டு ரேடியோவுல வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, அந்தச் சந்தோசத்துல எல்லாத்தையும் ஒத்துக்கிடுவாவ'ன்னு வள்ளித்தாய்தாம்லே சொல்லி அனுப்புனா.