எதிர்பார்க்கும் தேதி

“அப்ப நான் செத்துட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க இபு, நான் பாட்டுக்குப் போயிடறேன். பொணத்துக்கு வாசல்ல நின்னு கத்த என்ன வேலை?”

“மெதுவா பேசுங்க பாக். அடுப்புல எண்ணெய் காயுது.”

“காயட்டும். என்னையும் அதுல போட்டுப் பொரிச்சிடுங்க. மூணாம் நாள் விருந்துக்கு ஆச்சு.”

வெங்காயம் உரிக்கிற இடத்தில் யாரும் சத்தம் போடாமல் இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். கவனம் சிதறினால் தோலோடு பாதி வெங்காயமும் போய்விடும். அன்று எனக்கு அப்படித்தான் போயிற்று. கத்திக்கொண்டிருந்தவர் பாக் முஜியோனோ; ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சந்தில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவர் சமையற்கூடத்தின் முதலாளி இபு சுமியாத்தி. எங்கள் ஊரில் பெரியவர்களை, ஆண் என்றால் பாக், பெண் என்றால் இபு என்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம். முஜியோனோ கையில் அவர் மனைவியின் போன் இருந்தது. காலையில் அதற்கு ஒரு செய்தி போயிருந்தது: “மறைந்த பாக் முஜியோனோவின் மூன்றாம் நாள் விருந்துக்கு எங்களை நாடுங்கள். அப்பம் இலவசம்.”

“இலவசமாம்,” என்றார் முஜியோனோ. “உயிரோட இருக்கறப்ப ஒரு அப்பம் ஓசியில குடுத்திருப்பீங்களா?”

செய்தியை அனுப்பியது நான் அல்ல, சிஸ்டம். சிஸ்டத்தைச் செய்தது நான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அன்று எவ்வளவோ சொன்னேன். எங்கள் மாடியுன் ஊர்க்காரர்களுக்கு அந்த மாதிரி நுணுக்கம் ஏறாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் யாயுக். மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் எத்தனை பேர், என்ன வயது, என்ன நோய் என்று கேட்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சம்பளம் நின்ற பிறகும் போவதை நான் நிறுத்தவில்லை. இதைச் சந்தில் ‘மூக்கை நுழைப்பது’ என்பார்கள். மூக்கு என்று ஒன்று இருந்தால் அது எங்காவது நுழையத்தானே செய்யும்.

சுமியாத்தியின் தொழில் கேரியர் சாப்பாட்டில் தொடங்கியது. பிறகு விருந்துகள் சேர்ந்தன. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் என்று விருந்து வைக்க வேண்டும். ஆயிரமாவது நாளுக்கு ஆடு வெட்ட வேண்டும். கர்ப்பத்துக்கு ஏழாம் மாதம், பிறந்த குழந்தைக்கு முப்பத்தைந்தாம் நாள். இவ்வளவையும் சுமியாத்தி ஒரு நாள்காட்டியிலும் கதவுக்குப் பின்னால் சாக்கட்டியிலும் வைத்திருந்தார். ஒரு முறை, பிள்ளை பிறந்த வீட்டுக்கு நூறாம் நாள் அப்பத்தை அனுப்பிவிட்டார். அந்த வீட்டுத் தாத்தா ஒரு வாரம் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் சுமியாத்தி என்னிடம் வந்தார். “யாயுக், உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். சந்துல எல்லார் கதையும் தெரியும். ரெண்டையும் சேர்த்து எனக்கு ஏதாவது பண்ணிக் குடேன்.”

சேர்த்தேன். வீடுகளுக்கு ஒரு அட்டவணை, ஆட்களுக்கு ஒன்று, நல்லது கெட்டதுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று, பத்தியத்துக்கு ஒன்று. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண். பெயரை நம்பி எதையும் கோக்க முடியாது. நம் ஆட்கள் பெயரைச் சட்டை மாதிரி மாற்றுகிறவர்கள். முஜியோனோவுக்கே பிறக்கும்போது வேறு பெயர். ஓயாமல் காய்ச்சல் வந்ததால், பிள்ளைக்குப் பெயரின் கனம் தாங்கவில்லை என்று மாற்றினார்களாம். எண்ணுக்குக் காய்ச்சல் வராது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆளிலிருந்து வீட்டுக்கு ஒரு கோடு, பத்தியத்துக்கு ஒரு கோடு, விருந்துக்கு ஒரு கோடு. இறந்த தேதியை ஒரு முறை அடித்தால் போதும். மூன்றிலிருந்து ஆயிரம் வரை எல்லா நாளும் தானாக வரிசையில் வந்து நிற்கும். சுமியாத்தி வாயில் கைவைத்துப் பார்த்தார். எனக்கு அன்று இரண்டு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

அட்டவணை போடும் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு உப்பு கூடாது என்று சமையற்கூடச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதை நானே கிழித்தேன்.

“இருந்துட்டுப் போகட்டுமே யாயுக், சோறா கேக்குது?”

“ரெண்டு எடத்துல இருந்தா என்னைக்காவது ரெண்டும் சண்டை போடும்க்கா. எதை நம்புவீங்க?”

அன்று முதல் ஒவ்வொரு கேரியருக்கும் சிஸ்டம் ஒரு சீட்டு அச்சடித்தது. சீட்டில் உள்ளபடி சமைத்தார்கள்.

அடுத்து வந்தது மழைக்காலம். ஒரே வாரத்தில் வரிசையாகச் சாவு. ஆடு கிடைக்கவில்லை, விருந்துச் சோறு கட்டும் மூங்கில் பெட்டி கிடைக்கவில்லை, சுமியாத்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. முன்னாடியே தெரியாமல் என்ன? யார் சோற்றைத் தள்ளுகிறார், யார் மகன் காரணமில்லாமல் பாதாம் தீவிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான், யார் வீட்டில் நல்ல பாயை எல்லாம் எடுத்துத் துவைக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே இறந்த தேதிக்குப் பக்கத்தில் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்தேன். ‘எதிர்பார்க்கும் தேதி.’ சமையற்கூடத்துக்கு அது பெரிய வரம். ஆட்டு வியாபாரி பாக் சார்மிடிகூட ஒரு நாள் என்னிடம், “உங்க மூக்குக்கு ஒரு மாலை போடணும் இபு,” என்றார்.

முஜியோனோவுக்கு இதயமும் சிறுநீரகமும் பழுது. வருடக்கணக்காக உப்பில்லாத கேரியர். மூச்சு வாங்கும் விதத்தைப் பார்த்து நான் ஒரு தேதி போட்டிருந்தேன். செய்தி அனுப்பும் நிரலோ எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்காமல் கண்ணில் பட்டதைப் பார்த்து, அது வருவதற்குள்ளேயே செய்தியை அனுப்பிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை விட்டுப்போனது. இவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அன்று அவர் வாசலில் நின்று, சந்தே கேட்கும்படி ஒன்று சொன்னார். “பெசார் மாசம் என் பொண்ணு வெனிங்குக்குக் கல்யாணம். மேடையில உக்காந்து, இதே அடுப்புல வெந்த சோத்தைத் தின்னுட்டுத்தான் போவேன். உங்க கம்ப்யூட்டர்கிட்ட சொல்லி வைங்க.”

நான் போட்டிருந்த தேதி பெசார் மாதத்துக்கு முந்தியது.

சந்து சிரித்தது. காப்பிக்கடையைத் தாண்ட முடியவில்லை. “இபு யாயுக், புதுச்சட்டை தைக்கக் குடுத்திருக்கேன். போட்டுக்கறதுக்கு நாள் இருக்குமா, துணியாவே திருப்பி வாங்கிடட்டுமா?” இன்னொருவர், “என்னை மட்டும் மறந்துடுங்க தாயே, கடன் பாக்கி நெறைய இருக்கு.” சுமியாத்தியும் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். திரையில் தெரியாமல் செய்தேன். எடுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் பொறுத்துக்கொள்வேன். என் முகத்துக்கு அது பழகியதுதான். அட்டவணையைப் பார்த்துச் சிரித்தது வேறு விஷயம்.

ஒரு வரியில் தவறு இருந்தால் திருத்த இரண்டு வழி உண்டு. வரியை மாற்றலாம். அல்லது வரி யாரைப் பற்றியதோ அவரை மாற்றலாம்.

நான் முஜியோனோவின் எண்ணிலிருந்து பத்திய அட்டவணைக்குப் போகும் கோட்டை எடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. மறுநாள் சீட்டில் அவர் பெயருக்குக் கீழே ‘சாதாரணம்’ என்று வந்தது. கருவாடு போனது, உப்பு முட்டை போனது, உப்புச் சோயாச் சாறு ஊற்றி வதக்கிய தெம்பேக் கட்டி போனது.

சுமியாத்தி ஒரு முறை சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “முஜியோனோவுக்கு உப்பு ஆகாதுன்னு இருந்துச்சே?”

“டாக்டர் மாத்தியிருப்பாருக்கா.”

“சிஸ்டத்துல இருக்கா?”

“சிஸ்டத்துல இருக்கறதுதானே சீட்டுல வரும்.”

“அப்ப சரி,” என்று கரண்டியை எடுத்துக்கொண்டார். சுவரில் காகிதம் இருந்திருந்தால் பார்த்திருப்பார். விதியின் பயன் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. முஜியோனோ கோபித்துக்கொள்வார், குறைந்தபட்சம் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு நாள் காலி கேரியரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, என் பக்கத்தில் குனிந்தார்.

“இபு, புரிஞ்சுடுச்சு. மன்னிப்பு கேக்க வாய் வரலை, உப்பு முட்டையா அனுப்பறீங்க. அப்படித்தானே?”

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

“மன்னிச்சாச்சு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் நாக்கு வேலை செய்யுது. போனிராகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. கொன்னுடுவா.”

போனிரா அவர் மனைவி. பல் போனவர், தனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொள்வார், கேரியரைத் தொடமாட்டார். ஆகவே அது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ரகசியம் ஆயிற்று. என்னைப் பார்த்தால் கண்ணடிப்பார். கணவர் உயிரோடு இருந்த காலத்தில்கூட யாரும் என்னைப் பார்த்துக் கண்ணடித்ததில்லை. அப்போது நான் அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டிருக்கலாம். கைவிரலால் ஒரு தட்டு. போடலாம் என்று திரையைத் திறந்தேன்கூட. நான் போட்ட தேதிக்கும் அதிக நாள் இல்லை. இவ்வளவு நெருங்கி வந்த பிறகு கலைப்பது அரைகுறை வேலை மாதிரி பட்டது.

கால் வீங்கியது. போனிரா வந்து சொன்னபோது, “தலையணை மேல உயரமா வெச்சுக்கச் சொல்லுங்க,” என்றேன். நல்ல யோசனைதான். மருத்துவமனையில் டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாராம். “உப்பே தொடறதில்ல டாக்டர், வருஷக்கணக்கா,” என்று போனிரா சத்தியம் செய்தாராம். முஜியோனோ பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாராம். இதை எல்லாம் நான் ஒவ்வொரு நாளும் நேரில் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்னைப் போல விசாரித்தவர் சந்தில் இல்லை என்று போனிராவே சொல்லியிருக்கிறார்.

ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. நான் போட்ட தேதிக்குச் சற்றுப் பிந்தித்தான். ஆனால் பெசார் மாதம் பிறக்கவில்லை.

தகப்பன் செத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். எவ்வளவு காலம் என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. வேண்டாம் என்றால் ஒரே வழி, உடலை எடுக்கும் முன்பே முடிப்பது. மாப்பிள்ளைக்குத் தூரத்துப் பாலிக்பாபானில் வேலை, இன்னொரு லீவு கிடைக்காது. ஆகவே முன்னறையில் முஜியோனோவைக் கிடத்தி, அவர் கால்மாட்டில் வெனிங்கை உட்கார வைத்தார்கள். மணமகன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். சாட்சிகள் “சரி” என்றார்கள். வெனிங் முதலில் அப்பாவின் துணி மூடிய கையைத் தொட்டுக் கும்பிட்டாள், பிறகுதான் புருஷன் கையை. வாசலில் நின்ற ஆண்கள்கூட அழுதார்கள். எனக்கு வேலை இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் ஒரு விசேஷம்தான் என்று நான் போட்டிருந்த நிபந்தனை, சாவை ஏற்றுக்கொண்டு கல்யாணத்தைத் தள்ளிவிட்டது. நிபந்தனையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நல்ல நிபந்தனை அது. மனசு கஷ்டப்பட்டது.

அன்று மாலையே பத்தியத்துக்கான கோட்டையும் திரும்பப் போட்டேன். இப்போது யார் திறந்து பார்த்தாலும், பாக் முஜியோனோ, உப்பு கூடாது என்றுதான் இருக்கும். ஒரு பதிவு கடைசிவரை சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் கறார். அவரை நான்தான் கொன்றேன் என்று நீங்கள் சொல்லலாம். அதில் பிழை கண்டுபிடிக்க என்னாலும் முடியவில்லை. ஆனால் அவர் ரசித்துச் சாப்பிட்டார் என்பதையும் எங்காவது எழுத வேண்டும். அதற்குத்தான் பத்தி இல்லை.

காப்பிக்கடையில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. நான் கடந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சிலர் வீட்டுக்கே வந்து, பெரியப்பா எப்படி இருப்பார் என்று தரையைப் பார்த்தபடி கேட்டுப் போகிறார்கள். சுமியாத்தி பாக் சார்மிடியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆடு இனி வீட்டிலேயே. பக்கத்து ஊர் நாவியில் ஒரு கிளை திறந்திருக்கிறார்கள். வெனிங் புருஷனோடு பாலிக்பாபான் போனாள். நூறாம் நாள் முடிந்ததும் போனிராவும் மகளோடு போய்விட்டார். போகிற அன்று என்னைக் கட்டிக்கொண்டு, “நீங்க ஒருத்தர்தான் தெனமும் வந்து கேட்டீங்க,” என்றார். எனக்கும் கண் கலங்கியது.

அந்த வீட்டுக்கு ஒரு இளம் ஜோடி வாடகைக்கு வந்திருக்கிறது, பையனின் அம்மாவோடு. நேற்று வாழைப்பழம் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். தங்கமான மனுஷி, நிறையப் பேசுகிறார். பேசி முடிக்கும்போது மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். நான் அதை எங்கும் பதிவு செய்யவில்லை. நினைவில்தான் வைத்திருக்கிறேன்.